மாமா, ஆள் வருது

உலகத்தில் மிகவும் ஆபத்தான மனிதன் யார் என்று கேட்டால், கழுத்தில் விசில் மாட்டிய அரைகுறை என்றுதான் சொல்வேன். நான் கண்டதைச் சொல்கிறேன், கேட்டதை அல்ல. என் கழுத்தில் நீல நாடாவில் ஒரு விசில் தொங்கியது. அது தொங்கிய நாட்களில் நான் பாஸ்கெட்போல் கோச். அதற்கு முன்பும் பின்பும் கணித ஆசிரியர். இரண்டு தொழிலிலும் என் பேச்சை யாரும் கேட்டதில்லை. ஆனால் கணிதம் படித்த யாரும் என் மேல் விழுந்து எலும்பை உடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், என் மாமியார் வீடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தோட்டத்துப் பாடசாலையில் எனக்கு நியமனம் கிடைத்தது. அங்குள்ள மக்கள் வெகுகாலமாகத் தாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒழுங்காகத் தண்ணீர் வரும் குழாயும் கேட்டார்கள். எல்லவில் விடுமுறைக்கு வந்து தங்கிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஒருநாள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, பிள்ளைகளோடு படம் எடுத்து, மனம் உருகி, ஊருக்குத் திரும்பிப் போய் நன்கொடை திரட்டினார்கள். கடைசியில் லொறியில் வந்து இறங்கியவை இரண்டு பாஸ்கெட்போல் கம்பங்கள். காலையில் தொழிலாளர்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக் களத்தில் சீமெந்து பூசி, கோடு போட்டு, அவற்றை நட்டார்கள்.

திறப்பு விழாவில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா வளையத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அடி இல்லாத கூடையில போட்டா கொழுந்து எப்புடிங்க நிக்கும்?" என்று கேட்டார். இந்த விளையாட்டைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதுதான் சிறந்தது. தகரம் இன்னும் வரவில்லை.

கம்பம் வந்துவிட்டதால் தோட்டத்துக்கு ஓர் அணி வேண்டும், அணி என்றால் கோச் வேண்டும் என்று அதிபர் முடிவு செய்தார். "நீங்கதான் வயசுல சின்னவரு, நீங்களே பாருங்க" என்றார். என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். கரும்பலகையில் மேல் வரி எழுதவே குதிக்கிற ஆள் நான். ஆனாலும் மறுக்கவில்லை. மறுக்காததற்குக் காரணம் தர்ஷினி, பயிற்சி என்றால் மாலையில் தோட்டத்தில் கூடுதல் நேரம் இருக்கலாம்.

தர்ஷினி அந்தத் தோட்டத்துப் பெண். பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. நான் டவுனிலிருந்து தோட்டத்துக்கு வருவேன், அவள் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போவாள். பஸ் தோட்டத்துச் சந்தியோடு திரும்பிவிடும்; காலையில் நான் இறங்குகிற பஸ்ஸில் அவள் ஏறுவாள், மாலையில் அவள் இறங்குகிற பஸ்ஸில் நான் ஏறுவேன். எங்கள் காதல் முழுவதும் பஸ் படிக்கட்டில்தான் வளர்ந்தது. (கண்டக்டருக்குத்தான் முதலில் தெரியும். "மாஸ்டர், பேசி முடிச்சிட்டீங்கன்னா டபுள் பெல் அடிக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்பார்.)

வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. அதுதான் விசேஷம். சாதி, சாதகம், சம்பளம் எல்லாம் ஒருவாறு சமாதானமாகிவிட்டன. தடையாக நின்றது ஒரு வெற்றிலைத் தட்டு.

தர்ஷினிக்கு அப்பா இல்லை. வீட்டுப் பொறுப்பு அண்ணன் தேவாவின் தலையில். அந்தத் தலை நிலத்திலிருந்து ஆறடிக்கும் மேலே இருந்தது. த்ரீவீலர் ஓட்டி. வண்டிக்குள் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ஆளை முதலில் வைத்துவிட்டு வண்டியை அப்புறம் சுற்றிக் கட்டியிருப்பார்கள் என்று தோன்றும். அடுத்தவர் ராசு மாமா. தர்ஷினி அம்மாவின் கடைசித் தம்பி, ஃபெக்டரியில் கொழுந்து மூட்டை தூக்குகிறவர். தேவாவை விட ஒரு விரற்கடை உயரம், இரண்டு மடங்கு அகலம். தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்கள், நடுவில் ஒரு சுவர். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் இதுதான். தேவா தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தார். தன் தாய்மாமனை அழைக்க வேண்டுமானால் வெற்றிலை பாக்குப் பழத்தோடு தட்டு ஏந்திப் போய், வாசலில் நின்று, வாயால் அழைக்க வேண்டும். தேவா போனில் குடும்பக் குரூப்பில் ஒரு படம் போட்டார். பலூன், பிள்ளையார், "அனைவரும் வருக". ராசு மாமா அதைப் பார்த்தார், குரூப்பை விட்டு வெளியேறினார். காதுகுத்து அன்று சுவருக்கு அந்தப் பக்கம் மேளம் கேட்கக் கேட்க, இந்தப் பக்கம் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார்.

"அடுத்த காம்பராவுல இருக்குற மனுசனுக்கு என்னாத்துக்குத் தட்டு? ரெண்டு எட்டு வச்சா வந்துடலாம்" என்பது தேவாவின் கட்சி.

"ரெண்டு எட்டு அவன் வைக்கல, நான் எதுக்கு வைக்கணும்?" என்பது மாமாவின் கட்சி.

இரண்டுமே நியாயமாகத்தான் இருந்தன. அதனால்தான் தீரவில்லை. அதுமுதல் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மாமா நாயைப் பார்த்துச் சொல்வார், தேவா பானையைப் பார்த்துச் சொல்வார். நாயும் பானையும் விவரமானவை, செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

தர்ஷினியின் அம்மா என்னை உட்காரவைத்து, பிளேன் டீயும் கொடுத்து, தெளிவாகச் சொன்னார். "தம்பி, ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா என் தம்பி வந்து தட்டு மாத்தாம என் மகளுக்கு நிச்சயம் கெடையாது. அவன் கோவிச்சுக்கிட்டு இருக்கயில கல்யாணம் பண்ணினா, என் தாய் வீட்டு வாசல நான் மூடுன மாதிரி." மாமாவோ தேவா தட்டோடு வந்தால்தான் வருவேன் என்றார். தேவாவோ தட்டைத் தொட மாட்டேன் என்றார். இரண்டு மலைகளுக்கு நடுவில் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒருவர் பலகையில் கோடு போட்டுக் காட்டினார். இப்போதெல்லாம் எல்லா அணிகளும் ஒரே ஒரு நெட்டையனை வைத்துக்கொண்டு நாலு ஓட்டக்காரர்களை இறக்குகிறார்களாம். ஆனால் ஒன்றுக்கு இரண்டாக நெட்டையர்களை வளையத்துக்கடியில் நிறுத்தினால் எதிரி பக்கத்தில் வந்து பந்து போட முடியாது, தவறி விழுகிற பந்தெல்லாம் நம் கைக்கே வரும், தடுப்பு கோட்டைபோல் நிற்கும் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் "ஆனால்" என்று அடுத்த வார்த்தையை ஆரம்பித்தபோது டேட்டா முடிந்துவிட்டது.

அந்த "ஆனால்" என்னவென்று தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. என் மூளை வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தேவாவையும் மாமாவையும் ஒரே அணியில் போட்டால் இருவரும் பேசித்தான் ஆக வேண்டும். பேசினால் ஜெயிப்போம். ஜெயித்தால் கட்டிப்பிடிப்பார்கள். கட்டிப்பிடித்தால் எனக்குக் கல்யாணம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கல் என் தலைக்கு மேலே நேராக ஏறிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

இருவரையும் சம்மதிக்க வைக்கப் பொய் தேவைப்பட்டது. தேவாவிடம் போய், "மாமா இருந்தா நீங்க வரமாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றேன். "நான் யாருக்குப் பயந்து வராம இருக்கணும்?" என்றார். மாமாவிடமும் இதையே திருப்பிச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். இரத்த சொந்தம் என்பது பொய்யில்லை.

பயிற்சி பெரட்டுக் களத்தில், வேலை முடிந்த பின் மாலையில். அணியின் மற்ற மூன்று பேர் தோட்டத்து இளைஞர்கள், ஓடுவதற்கு. எதிர்ப்பக்கம் பாடசாலையின் மேல் வகுப்புப் பையன்கள். அவர்களுக்கு இந்த விளையாட்டில் ஒரே ஒரு உத்திதான் தெரியும், பந்தைத் தூக்கிக்கொண்டு வளையத்தை நோக்கி ஓடுவது. அங்கே மாமாவும் தேவாவும் கோயில் வாசல் துவாரபாலகர்களைப்போல் வலமும் இடமுமாக நின்றார்கள். ஓடி வந்த பையன்கள் மோதி மோதித் திரும்பினார்கள். ஒருவனாலும் ஒரு பந்தும் போட முடியவில்லை. நான் விசிலை ஊதி ஊதி மகிழ்ந்தேன். துவாரபாலகர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பேசி யாராவது பார்த்ததுண்டா என்று அப்போதே யோசித்திருக்கலாம்.

பேச வேண்டிய இடங்களில் என்னைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

"மாஸ்டர், எடப்பக்கம் என்னுதுன்னு சொல்லுங்க" என்பார் தேவா, மாமாவுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு.

"மாமா, இடப்பக்கம் தேவாவுடையதாம்" என்பேன் நான்.

"யாரு வேணாமுன்னா?" என்று மாமா வளையத்தைப் பார்த்துச் சொல்வார்.

நாயும் பானையும் பார்த்த வேலை எனக்குக் கிடைத்திருந்தது. பயிற்சியில் எல்லாம் மெதுவாக நடந்ததால் இந்த அஞ்சல் சேவையும் ஒழுங்காகவே ஓடியது. போதாக்குறைக்கு நான் தத்துவங்களும் சொன்னேன். "தூரத்துல நின்னு போடத் தெரியாதவன துரத்தாதீங்க. விட்டுடுங்க, பக்கத்துல வரட்டும், இங்க வச்சுப் பார்த்துக்கலாம்" என்று இருவருக்கும் மனப்பாடம் செய்வித்தேன். இருவருக்கும் நான் சொல்லிக்கொடுத்ததில் கடைசிவரை நினைவில் நின்றது இது ஒன்றுதான். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

போட்டி பதுளை டவுனில். இளைஞர் கழகங்களுக்கிடையிலானது. தோட்டமே லொறியில் ஏறி வந்தது. தர்ஷினியின் அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தர்ஷினி. இன்றைக்கு ஜெயித்தால் சாயங்காலமே தட்டு மாற்றத் தேதி குறிக்கலாம் என்று நான் அவளிடம் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தேன். "மொதல்ல வெளையாடுங்க" என்றாள். அவளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை எப்போதுமே அளவானது.

எதிரணி பண்டாரவளை டவுன் பையன்கள். புடவைக்கடை, பலசரக்குக்கடை, போன்கடைப் பிள்ளைகள். அவர்களின் தலைவன் ரிஸ்வான், போன்கடை. அவர்களில் மிக உயரமானவன் தேவாவின் தோளுக்கு வருவான். நான் அவர்களைப் பார்த்து உண்மையிலேயே பரிதாபப்பட்டேன். ரிஸ்வான் வந்து கைகொடுத்தபோது, "தம்பி, அடிபடாம வெளையாடுங்க" என்று பெரியமனிதத் தோரணையில் புத்தி சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "இன்ஷா அல்லாஹ், பாத்துக்குவம் சேர்" என்றான்.

முதல் கால்பகுதி நான் கனவு கண்டபடியே நடந்தது. உள்ளே வந்த பந்தையெல்லாம் மாமா தட்டிவிட்டார். ஒரு பந்து சனத்துக்குள் போய் யாருடையதோ தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தது. தோட்டத்துச் சனம் விசிலடித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு, இதெல்லாம் எனக்குச் சாதாரணம் என்பதைப்போல் நின்றேன்.

ரிஸ்வான் இடைவேளை கேட்டான். தன் ஆட்களைக் கூட்டி ஏதோ சொன்னான். அதன்பின் அவர்கள் ஐந்து பேரும் வளையத்தை விட்டு விலகி, தூரத்து வளைவுக் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள். அங்கிருந்து போட்டால் மூன்று புள்ளி. வளையத்துக்கடியில் மாமாவும் தேவாவும் மட்டும், திருவிழா முடிந்த கோயிலின் காவலர்கள்போல, மறிக்க ஆளில்லாமல் நின்றார்கள். கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பந்து வந்தது, வளையத்துக்குள் விழுந்தது. இன்னொன்று வந்தது, அதுவும் விழுந்தது.

"மாமா, வெளிய போங்க, அந்த ஆளைப் பிடிங்க" என்று கத்தினேன்.

"அங்க போயி நான் என்னாத்த செய்ய?" என்று மாமா திரும்பிக் கேட்டார். "கூட இங்கதான இருக்கு?"

சரி என்று தேவாவை வெளியே அனுப்பினேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. தேவா வெளியே வந்ததும் ரிஸ்வானின் ஆள் ஒருவன் தேவாவின் வழியில் சுவர்போல் வந்து நின்றான். அந்தச் சுவரை உரசிக்கொண்டு ரிஸ்வான் உள்ளே பாய்ந்தான். இதைத் தடுக்க ஒரே வழிதான் உண்டு. வெளியே இருப்பவர் "ஆள் வருது" என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளே இருப்பவர் ஒரு எட்டு முன்னால் வந்து மறிக்க வேண்டும். இரண்டு பெரிய ஆட்களை வைத்து ஆடுகிற அணிக்கு உயரம் கூட இரண்டாவதுதான், இந்தக் குரல்தான் உயிர்.

எங்கள் தேவாவால் குரல் கொடுக்க முடியவில்லை. ஊமை இல்லை, ஏற்றத்தில் த்ரீவீலர் ஓட்டும்போது எருமையையே திட்டி ஒதுக்குகிற குரல். பிரச்சினை, கூப்பிடுவதற்கு வார்த்தை இல்லை. தாய்மாமனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, அடி விழும். "இந்தா" என்று கூப்பிட முடியாது, அம்மா முன்வரிசையில் இருக்கிறார். "மாமா" என்று கூப்பிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில்லை என்பதுதானே இத்தனை நாள் சண்டை. வாயைத் திறந்தார், மூடினார். அதற்குள் ரிஸ்வான் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர்," என்றார் தேவா மூச்சு வாங்க, "ஆளு வருதுன்னு சொல்லுங்க."

"மாமா, ஆள் வருது" என்றேன்.

"வந்துட்டுப் போயிட்டான்" என்றார் மாமா.

ரிஸ்வான் போன்கடைக்காரன். எந்த இடத்தில் சிக்னல் இல்லை என்று கண்டுபிடிப்பது அவனுக்குத் தொழில். அதன்பின் அவன் வேறு எதுவுமே செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், தேவாவுக்கும் மாமாவுக்கும் நடுவில், அந்தப் பேசாத இடைவெளிக்குள் புகுந்து போனான். மாமா முன்னால் வந்தால் பின்னால் காலி, வராவிட்டால் முன்னால் காலி. சில நேரம் இருவரும் ஒரே ஆளைத் துரத்தினார்கள். சில நேரம் இருவரும் மற்றவர் போவார் என்று நின்றார்கள். ஒருமுறை ரிஸ்வான் இருவருக்கும் நடுவில் நடந்தே போனான். சத்தியமாக நடந்தான்.

நான் கோட்டோரத்தில் மேலும் கீழும் ஓடி ஓடி அஞ்சல் செய்தேன். "மாமா, ஆள் வருது. தேவா, மாமா வலப்பக்கமாம். மாமா, தேவா கேட்கிறார், நீங்க வருவீங்களா மாட்டீங்களா?" நடுவர் விசில் அடித்தார்.

"மாத்தயா, கோட்டுக்கு வெளிய நில்லுங்க" என்றார் சிங்களம் கலந்த தமிழில். "உள்ள வந்தா ஃபவுல்."

"சேர், அவங்க ரெண்டு பேரும் பேசமாட்டாங்க" என்று விளக்கினேன்.

இதற்கு எந்த விதியில் இடமிருக்கிறது என்று அவர் யோசித்தார் போலிருக்கிறது. கடைசியில் ஃபவுலே கொடுத்தார்.

முன்வரிசையில் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "டேய் தேவா, மாமான்னு கூப்புட்டா வாய் வெந்தா போயிரும்?" என்று சத்தம் போட்டார். அதுதான் தாமதம், தோட்டத்துச் சனம் முழுவதும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. "ராசண்ணே, ஆளு வருது", "இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்", "பின்னால பின்னால" என்று எல்லாத் திசையிலிருந்தும் குரல். மாமா ஒவ்வொரு குரலுக்கும் ஒருமுறை திரும்பினார். பாவம், பம்பரம்போல் சுற்றி, தலை கிறுகிறுத்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசிக் கால்பகுதியில் நாங்கள் எவ்வளவு பின்தங்கியிருந்தோம் என்று சொல்ல மாட்டேன். கணித ஆசிரியனுக்கும் ஒரு எல்லை உண்டு. தோல்வி உறுதியாகிவிட்டது, தேதி குறிக்கும் ஆசையும் போய்விட்டது. முன்வரிசையைப் பார்த்தேன். தர்ஷினி முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து நெஞ்சு வெடித்தது. (சிரித்துக்கொண்டிருந்தாளாம். கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள்.)

அந்த வேதனையில் எனக்கு வெறி பிடித்தது. ரிஸ்வான் மறுபடி அதே இடைவெளியை நோக்கி வந்தான். இந்த முறை செய்தியை நேரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது என்று நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன். "மாமா, ஆள் வருது, ஆள் வருது" என்று கத்திக்கொண்டே இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். ரிஸ்வான் என்னைப் பார்த்து மிரண்டு, இருந்த இடத்திலிருந்தே பந்தை எறிந்தான். அது வளையத்தில் பட்டு நேரே மேலே எழும்பியது. வலப்பக்கமிருந்து மாமா குதித்தார். இடப்பக்கமிருந்து தேவா குதித்தார். இருவரும் என் தலைக்கு மேலே சந்தித்துக்கொண்டார்கள். பந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இருவரும் எங்கே வந்தார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

எல்லாம் இருட்டாக இருந்தது. மாமாவின் பனியன் என் முகத்தில். அதற்கு மேலே எங்கோ தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் பேசுவதுபோல் குரல்கள் கேட்டன.

"மாப்ள, அடி பட்டிருச்சா?"

"இல்ல மாமா. கீழ மாஸ்டர் இருக்காரு."

சனம் ஓவென்று எழுந்தது. தர்ஷினியின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "மாரியாத்தா, பேசிட்டாங்க" என்று அழுதார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைத் தேற்றினார்கள். என்னைத் தூக்க வேண்டும் என்று யாருக்கும் உடனடியாகத் தோன்றவில்லை. நான் அவர்களுடைய சமாதானத்துக்கு அடியில் கிடந்தேன்.

வலத் தோளில் காறை எலும்பு முறிந்திருந்தது. தேவாவின் த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முன்னால் தேவா, பின்னால் மாமா, மாமாவுக்கும் கம்பிக்கும் நடுவில் மிச்சமிருந்த இடத்தில் நான். இத்தனை நாள் பேசாத பேச்சையெல்லாம் வழிநெடுக அவர்கள் பேசித் தீர்த்தார்கள். எனக்கு வலியையும் மீறிச் சந்தோஷம். தோள் போனாலும் கல்யாணம் நடக்கும் என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் மாமா, இந்த ஆளு சொன்னத நம்பி நம்ம ரெண்டு பேரும் இப்புடி அவமானப்பட்டோமே."

"அதத்தான் மாப்ள நானும் நெனச்சேன். மூளை இருக்குறவன் எவனாவது வெளையாட்டு நடக்கயில நடுவுல வந்து நிப்பானா?"

"ஒங்ககிட்ட வந்து என்னாத்த சொல்லி டீமுக்குக் கூப்புட்டாரு?"

மாமா சொன்னார். வண்டி ஓரமாக நின்றது, தேவாவின் குரல் என் பக்கம் திரும்பியது. "என்கிட்டயும் அதையேதான் மாமா சொன்னாரு."

வண்டி மறுபடி கிளம்பியது.

"இவருக்கா மாப்ள நம்ம புள்ளயக் குடுக்கப்போறோம்?" என்றார் மாமா.

பேச ஆரம்பித்ததும் அவர்கள் இருவரும் முதன்முதலாக ஒத்துப்போன விஷயம், நான் மாப்பிள்ளையாக லாயக்கில்லை என்பது. நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து என்ன செய்ய, நடுவில் இருப்பது நான்தானே.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அந்த வீடியோவின் மிச்சப் பாதியைப் பார்த்தேன். "ஆனால், பெரிய ஆட்கள் இருவரும் ஒரு நொடிகூட விடாமல் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்" என்றார் அந்த மனிதர், புன்னகையோடு. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் பாடத்தைத் தேவாவும் மாமாவும் வீடியோ பார்க்காமலே கற்றுக்கொண்டார்கள். நான் கையைக் கழுத்திலிருந்து தொங்கிய துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பிய முதல் நாள், பஸ்ஸிலிருந்து இறங்கி, தர்ஷினி வீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்திருப்பேன். சந்தியில் த்ரீவீலருக்குள் இருந்த தேவா தலையை வெளியே நீட்டி, லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாமா, ஆள் வருது."

மாமா காம்பராவிலிருந்து வெளியே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நான் பாதையை மாற்றிக் கோயில் பக்கமாகச் சுற்றினேன். "மாமா, எடப்பக்கம்" என்றது குரல். மாமா இடப்பக்கம் நகர்ந்தார். எவ்வளவு அருமையான தடுப்பு. வெளியே ஒருவர், உள்ளே ஒருவர், நடுவில் ஊசி நுழைய இடமில்லை. ஒரு கோச் என்ற முறையில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான் வருகிற நாளெல்லாம் இப்படித்தான். தர்ஷினியின் அம்மாவோ தம்பியும் மகனும் பேசிக்கொள்கிற ஆனந்தத்தில், அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதைக் காதில் வாங்கவே இல்லை.

வழி கண்டுபிடித்தவள் தர்ஷினி. பஸ் படிக்கட்டில் வைத்து, கண்டக்டரின் முன்னிலையில் சொன்னாள்.

"அந்த பண்டாரவளைப் பையன் என்னா செஞ்சான்? ரெண்டு பேரும் உள்ள இருக்கயில வந்து முட்டிக்கிட்டா இருந்தான்? ஒருத்தர வெளிய இழுத்தான்ல."

"மாமா வெளிய வரமாட்டாரே" என்றேன். "கூடை இங்கதான இருக்குன்னு கேப்பாரு."

"வெத்திலத் தட்டு வந்தா வருவாரு."

கண்டக்டர், "தங்கச்சி சொல்றது சரி மாஸ்டர்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். மாமாவுக்கு என்மேல் ஆயிரம் கோபம் இருக்கலாம். ஆனால் மனிதர் இத்தனை நாள் சண்டை பிடித்தது எதற்காக? முறைப்படி ஒருவர் தட்டோடு வாசலுக்கு வந்து அழைக்க வேண்டும் என்பதற்காக. அப்படி ஒரு தட்டு உண்மையிலேயே வந்துவிட்டால் அதை அவர் எப்படித் திருப்பி அனுப்புவார்? அனுப்பினால் அவருடைய சண்டைக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தேவா ஆள் ஏற்றிக்கொண்டு ஹயர் போயிருந்த நேரம், போனோம். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. என் வலக்கை தொட்டிலில். இடக்கையால் தாய்மாமனுக்குத் தட்டு நீட்டினால் அது காதுகுத்துக்குக் குரூப்பில் படம் போட்டதை விட மோசமான அவமரியாதை. அதனால் ஒரு பக்கம் தர்ஷினி வலக்கையால் பிடித்தாள், மறுபக்கத்தில் என் கட்டுப்போட்ட கையின் விரல் நுனிகளை முட்டுக் கொடுத்துக்கொண்டேன். உயிர் போகிற வலி. வாசலில் நின்றோம். நாய் எங்களைப் பார்த்தது, மாமாவும் பார்த்தார்.

"மாமா, எங்க நிச்சயத்துக்கு நீங்க வந்து முன்னுக்கு நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றாள் தர்ஷினி. தட்டு என் பக்கமாகச் சரிய, அவள் நிமிர்த்திப் பிடித்தாள்.

மாமா வெற்றிலையைப் பார்த்தார். பாக்கைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். "பொண்ணே வந்து அழைக்குது, மாப்ளைக்குக் கை வெளங்கல" என்றார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். வாங்கும்போது அவருடைய கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய ஆள் இவ்வளவு சின்னத் தட்டுக்காக இத்தனை நாள் காத்திருந்தாரே.

"வலிக்குதா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"வலிக்கட்டும்" என்றார்.

மாமா வெளியே வந்தபின் தேவா தனியாக எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? முழுதாக ஏழு நாள், ஒரு கிழமை பிடித்தார். கல்யாணத்தன்று மணவறையின் இரண்டு பக்கமும் மாமாவும் மருமகனும் நின்ற படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நடுவில் உள்ள சின்ன உருவம் நான்.

இதெல்லாம் நடந்து சில வருடங்களாகிவிட்டன. பாஸ்கெட்போல் வளையத்தில் இப்போது யாரோ கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள். விசிலை அதிபரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாமாவும் தேவாவும் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் என்னைப் பற்றி. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் மனைவி, பிள்ளை, பலகாரப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறபோது சந்தியிலிருந்து அந்தக் குரல் தவறாமல் எழும்புகிறது.

"மாமா, ஆள் வருது."

மேலே லயத்து வாசலில் மாமா எழுந்திருப்பதுகூட இல்லை. இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறார்.

"விட்டுடு மாப்ள. தூரத்துல நின்னு போடத் தெரியாத ஆளு. பக்கத்துல வரட்டும், இங்க வச்சுப் பார்த்துக்கலாம்."